மல்டிமீடியா பட்டப்படிப்பு தொடங்கும் முன்மொழிவில் கேமரா பட்டியலைக் கடைசியில் எழுதுங்கள்

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி. அதன் சுயநிதிப் பிரிவில் மல்டிமீடியா, வீடியோ தயாரிப்புக்கென்று ஓர் இளநிலைப் பட்டம் தொடங்க நிர்வாகத்துக்கு ஆசை. கணினி அறிவியல் துறையில் இருக்கும் உங்களிடம் முதல்வர் முன்மொழிவைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார். என்ன பெயர் வைப்பது, யாரிடம் அனுமதி வாங்குவது, என்னென்ன உபகரணம் கேட்பது, எதை முதலில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பாடத்திட்டக் குழுக்களில் வெளி நிபுணராக உட்காரும்போது இந்த மாதிரி முன்மொழிவுகள் என் கைக்கு வருவதுண்டு. பெரும்பாலானவை கொள்முதல் பட்டியல்தான். "ஊடகத் துறை அசுர வளர்ச்சி கண்டுவருகிறது" என்று இரண்டு பத்தி, அடுத்த பக்கத்திலிருந்து கேமரா, லென்ஸ், டிரோன், கிரீன் மேட், கம்ப்யூட்டர். யார் பாடம் நடத்துவார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர் கையில் கேமரா இருக்கும் என்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில் நாலு வரி. அப்படித் தொடங்கிய துறைகளில் மூன்றாம் வருடம் போய்ப் பாருங்கள். கேமரா பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அதைத் தெரிந்த ஆசிரியர் வேறு வேலைக்குப் போயிருப்பார். மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் கேமராவின் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். அதனால் ஆசிரியர், கால அட்டவணை இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள். என்ன வாங்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

சரி, பெயர். பெயரில்தான் பாதி அனுமதி இருக்கிறது. பட்டத்தின் பெயர் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம், 1956-ன் 22-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட பட்டங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். 2014-ல் வெளியான அந்தப் பட்டியலில் இல்லாத பட்டத்தை நாமாகக் கண்டுபிடித்து வைக்க முடியாது. உங்களுக்கு முன்னால் இருப்பவை பி.எஸ்சி., பி.ஏ., பி.வோக். (தொழிற்கல்விப் பட்டம்) போன்றவை. கணினித் துறையிலிருந்து எழுதுவதால் "பி.சி.ஏ. மல்டிமீடியா" என்று வைக்கத் தோன்றும். வேண்டாம். 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.சி.ஏ., பி.பி.ஏ. இரண்டும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதிக்குள் வந்துவிட்டன. தேவையில்லாமல் இன்னொரு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

பி.வோக். தொழில் பயிற்சிக்கு நல்ல வடிவம்தான். ஒரு வருடம் முடித்தால் டிப்ளமோ, இரண்டு வருடம் முடித்தால் அட்வான்ஸ்டு டிப்ளமோ என்று நடுவில் வெளியேற வழி வைத்தே அதை வடிவமைத்தார்கள். ஆனால் நம்மூரில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இதை வைத்து அரசுத் தேர்வு எழுதலாமா?" என்பதுதான். பி.வோக்.கும் பட்டம்தான் என்று யு.ஜி.சி. சொல்லியிருந்தாலும், விண்ணப்பம் வாங்கும் கவுண்டரில் இருப்பவருக்கு அதை ஒவ்வொரு முறையும் விளக்கும் வேலை மாணவர் தலையில்தான் விழும். பழக்கமில்லாத பட்டப் பெயர் என்றால், அது வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மைச் சான்று கேட்டு அலைய வேண்டிவரும். என் யோசனை: பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன். சென்னை லயோலா கல்லூரி 1980-களின் இறுதியில் தொடங்கிய காலத்திலிருந்து விஸ்காம் என்றால் என்ன என்று பெற்றோருக்கும் தெரியும், வேலை கொடுப்பவருக்கும் தெரியும். மேற்படிப்புக்கும் தடை இல்லை. வீடியோ தயாரிப்பு என்ற தனித்தன்மையை மூன்றாம், நான்காம் பருவத்திலிருந்து மேஜர் (முதன்மை) பாடங்களில் காட்டிக்கொள்ளலாம்.

அனுமதி வழி உங்கள் கல்லூரி தன்னாட்சியா இல்லையா என்பதைப் பொறுத்தது. தன்னாட்சி இல்லையென்றால் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது. உங்கள் வேலை புதிய படிப்புக்கான இணைவு விண்ணப்பமும் ஆய்வுக் குழு வரும்போது காட்ட வேண்டிய அறை, ஆசிரியர், நூலக விவரங்களும்தான். அடுத்த கல்வியாண்டுக்கான அறிவிப்பு முந்தைய வருடமே வந்துவிடும், அந்தத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தை நீங்களே எழுத வேண்டும். பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக் குழு என்று படிப்படியாகப் போய்ப் பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகும். பாடத்திட்டக் குழுவில் வெளி நிபுணர் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில் துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. அந்தத் தொழில் துறை ஆளை ஒப்புக்காகப் போடாதீர்கள். சினிமாக்காரர் பெயர் போட்டால் அழைப்பிதழுக்கு நன்றாக இருக்கும், கூட்டத்துக்கு வரமாட்டார். உங்கள் மாவட்டத்தில் எடிட்டிங் ஸ்டுடியோ நடத்தி நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர் வந்து உட்கார்ந்தால், "பையன் வந்து முதல் வாரத்தில் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்" என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இப்போது கால அட்டவணை. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

நம்மூர் கலை அறிவியல் கல்லூரிகளில் வாரத்துக்குப் பொதுவாக 30 மணி நேரம். முதல் நான்கு பருவங்களில் பகுதி ஒன்று தமிழுக்கு 6, பகுதி இரண்டு ஆங்கிலத்துக்கு 6. மீதி 18-ல் துணைப் பாடம், திறன் மேம்பாட்டுப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி எல்லாம் போக மேஜருக்கு மிஞ்சுவது பத்து மணி நேரத்துக்குச் சற்று மேலே. அதில் ஒரு பாதி தியரி. செய்முறைக்கு ஒரு கிரெடிட் (பாட மதிப்பலகு) வேண்டுமென்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே முதல் வருடத்தில் ஒரு மாணவருக்குக் கேமராவைத் தொட எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று புரியும். புரிந்தால்தான் அந்தக் கொஞ்ச நேரத்தைச் சிதறாமல் வைக்கத் தோன்றும்.

சிதறாமல் என்றால் எப்படி? ஐம்பது நிமிடப் பீரியடில் படப்பிடிப்பு நடக்காது. ஸ்டோரிலிருந்து கேமரா வாங்கிக் கையெழுத்துப் போட்டு, ஸ்டாண்டு மாட்டி, லைட் வைத்து, மைக் சோதித்து முடிக்கும்போது மணி அடித்துவிடும். அந்த மணியும் ஒலிப்பதிவில் விழும், அது வேறு. செய்முறை வகுப்பு என்றால் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம், அரை நாள். வாரத்தில் இரண்டு அரை நாட்கள் வேறு எந்தத் துறையும் தொடக்கூடாது என்று முன்மொழிவிலேயே எழுதிக் கல்விக் குழுவில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். படிப்பு தொடங்கிய பிறகு கேட்டால் கால அட்டவணை போடுபவர் கை விரித்துவிடுவார்.

மாணவியரின் நேரத்தைப் பற்றியும் இதே இடத்தில் எழுத வேண்டும். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு நல்ல வெளிச்சம் காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஐந்திலிருந்து ஆறரை. நம் கல்லூரி விடுதிகள் பலவற்றில் பெண்கள் விடுதியின் கதவு அந்த நேரத்தில் மூடியிருக்கும். கேமராவை ஆண்கள் எடுத்துப் போவார்கள், பெண்கள் நடிக்கவோ குறிப்பெடுக்கவோ மட்டும் வருவார்கள். மூன்று வருடம் கழித்து, "பொண்ணுங்களுக்குக் கேமராவில் ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிடுவோம். அவர்களுக்கு ஆர்வம் இருக்கிறது, கதவுதான் திறப்பதில்லை. துறைத்தலைவர் கையெழுத்திட்ட படப்பிடிப்பு அனுமதிச் சீட்டு, கூடவே போகும் ஆசிரியர், திரும்பி வரக் கல்லூரி வண்டி: இந்த மூன்றையும் விடுதி விதியில் சேர்க்கும்படி முன்மொழிவில் கேளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கேட்காவிட்டால் யாருக்கும் தோன்றாது.

ஆசிரியர் விஷயம் கொஞ்சம் சிக்கல். உதவிப் பேராசிரியர் ஆக முதுநிலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும், அல்லது பிஎச்.டி. இந்தத் துறையில் பெரும்பாலும் வெகுஜனத் தொடர்பியல் மற்றும் இதழியல் பாடத்தில் நெட் எழுதி வருவார்கள். தகவல்தொடர்புக் கோட்பாடு, ஊடகச் சட்டம், ஆய்வு முறை எல்லாம் நன்றாக எடுப்பார்கள். ஆனால் பத்து வருடம் எடிட் டேபிளில் உட்கார்ந்தவரிடம் நெட் சான்றிதழ் இருக்காது, சில சமயம் பட்டமே இருக்காது. இதற்கு ஒரு வழி உண்டு. 2022-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த தொழில்முறைப் பேராசிரியர் (புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்) ஏற்பாட்டில், 15 வருட அனுபவம் உள்ள தொழில் வல்லுநரைக் கல்வித் தகுதி கட்டாயமில்லாமல் நியமிக்கலாம். மொத்தப் பணியிடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதிகபட்சம் நான்கு வருடம்தான். இதைத் தவிர, சனிக்கிழமைகளில் வந்து செய்முறை எடுக்கக் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு நாள் கணக்கில் மதிப்பூதியமும் பயணப்படியும் ஒதுக்குங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்பினால் அடுத்த வாரம் வரமாட்டார்.

இன்னொருவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: லேப் டெக்னீஷியன். பேட்டரி சார்ஜ் போடுவது, மெமரி கார்டு காலி செய்வது, ஸ்டோர் ரிஜிஸ்டர் எழுதுவது, ஒயர் அறுந்தால் சால்டர் வைப்பது எல்லாம் அவர்தான். அந்தப் பணியிடம் இல்லாவிட்டால் ஓர் உதவிப் பேராசிரியர் முழுநேர ஸ்டோர் கீப்பர் ஆகிவிடுவார். பணம் குறைவென்றால் ஒரு கேமராவைக் குறைத்துக்கொண்டு இந்த ஆளைப் போடுங்கள்.

பாடத்திட்டத்தில் இரண்டு மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். முதலாவது, பாடத்தின் பெயரில் மென்பொருளின் பெயர் வரக் கூடாது. ஒரு காலத்தில் மல்டிமீடியா பாடத்திட்டம் என்றாலே ஃபிளாஷ் ஒரு பேப்பராக இருந்தது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயரை நிறுத்தியே விட்டது. "இருபரிமாண அசைவூட்டம்" என்று பெயர் வைத்திருந்த கல்லூரிகள் கருவியை மாற்றிக்கொண்டு போய்விட்டன. மென்பொருள் பெயரைப் பாடப் பெயரில் போட்ட கல்லூரிகள் அதை மாற்ற மறுபடியும் பாடத்திட்டக் குழுவைக் கூட்ட வேண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும் இந்த நேரத்தில் இது இன்னும் முக்கியம்.

இரண்டாவது, முதல் பருவத்தில் வீடியோவே வேண்டாம். ஒலியும் புகைப்படமும் போதும். ஒலிப்பதிவுக் கருவி, சட்டைக் காலரில் மாட்டும் மைக், நீளக் கம்பில் மாட்டும் பூம் மைக், நல்ல ஹெட்போன். இவற்றை வைத்துக்கொண்டு பூக்கடையில் பேரம் பேசுவதையும் பேருந்து நிலைய அறிவிப்பையும் பாட்டியின் கதையையும் பதிவு செய்து ஐந்து நிமிடத்துக்கு வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். படம் இல்லாமல் கதை சொல்லப் பழகியவருக்கு எடிட்டிங் பாதி வந்துவிடும். மாணவர்களின் குறும்படங்கள் பெரும்பாலும் தோற்பது படத்தால் அல்ல, காதில் விழாத வசனத்தால்தான். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1-இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம்.தான் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. உங்கள் கல்லூரிக்கு உரிமம் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், மதிய இடைவேளையில் ஒலிபெருக்கியில் வாரம் ஒரு நிகழ்ச்சி போட எந்த உரிமமும் வேண்டாம்.

மூன்றாவது, தமிழ்த் துறையைக் கூட்டுச் சேருங்கள். வாரம் 6 மணி நேரம் அவர்களிடம் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் இந்தத் துறை மாணவர்களுக்குத் திரைக்கதை, வசனம், ஆவணப்பட உரை எழுதும் பயிற்சியைத் தமிழ்ப் பாடத்தின் செய்முறைப் பகுதியாக வைக்க முடியும். மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இருக்கும் பெரிய சொத்து அவர்கள் ஊர்ப் பேச்சும் ஊர்க் கதையும். அதை ஆங்கிலப் பாடநூலின் வரையறைகளுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

அப்புறம் உபகரணம். இதில் யாரும் கணக்குப் போடாத ஒன்று, காட்சிகளைச் சேமித்து வைக்கும் இடம். நடுத்தரக் கேமரா ஒன்றில் 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். 40 மாணவர்கள், நான்கு பேருக்கு ஒரு குழு, பத்துக் குழு. ஒரு பயிற்சிக்கு ஒவ்வொரு குழுவும் மூன்று மணி நேரக் காட்சி எடுத்தால் 1,350 ஜி.பி. ஒரே ஒரு பயிற்சிக்கு! பருவத்துக்கு நாலு பயிற்சி, மூன்று வருட மாணவர்கள் என்று பெருக்கிப் பாருங்கள். லேப் கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்க் முதல் மாதத்திலேயே நிரம்பும். பிறகு, "பழையதை அழிச்சிடுங்கப்பா" என்பார் ஒருவர், யாரோ ஒருவரின் இறுதிப் படத்தின் காட்சிகள் போகும்.

வேகமும் ஒரு பிரச்சினை. அந்தக் காட்சியை ஓட்டிப் பார்க்க நொடிக்கு 12.5 எம்.பி. வேண்டும். 20 பேர் ஒரே நேரத்தில் பொதுச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து எடிட் செய்தால் 250 எம்.பி. சாதாரண ஒரு கிகாபிட் இணைப்பு அதில் பாதியைக்கூடத் தாங்காது. எனவே இரண்டு வரி எழுதுங்கள்: சேமிப்பகத்திலிருந்து லேப் சுவிட்சுக்குப் பத்து கிகாபிட் இணைப்பு, மாணவர்கள் எடிட் செய்வது சிறிய பிராக்சி கோப்புகளில் (மூலக் காட்சியின் தரம் குறைத்த பிரதிகளில்). அதோடு, அதே கோப்புகளின் இன்னொரு பிரதி வேறு கட்டடத்தில். நீங்கள் கணினித் துறைக்காரர் என்பதால் இந்தப் பகுதியை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். உங்களை இந்த வேலைக்கு முதல்வர் தேர்ந்தெடுத்தது இந்த வகையில் நல்லது.

கேமரா மாடலைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். விலை உயர்ந்த ஒன்றைவிட ஒரே மாதிரியான நடுத்தரக் கேமராக்கள் ஐந்தாறு மேல். லென்ஸ், பேட்டரி, கார்டு எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைக்கும் டிரை கேபினெட் கட்டாயம். கடலோர ஊர் என்றால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஸ்டுடியோ அறையைத் தேர்ந்தெடுக்கும்போது சாலைப் பக்கமும் ஜெனரேட்டர் பக்கமும் தவிருங்கள். காலி அறையில் நின்று கை தட்டிப் பாருங்கள், எதிரொலி கேட்டால் சுவரில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் பதிக்கப் பணம் ஒதுக்குங்கள். மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, பிளெண்டர், ஆடாசிட்டி மூன்றும் முதல் இரண்டு வருடத்துக்குத் தாராளமாகப் போதும். மாணவர் தன் வீட்டுக் கணினியிலும் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். உரிமம் இல்லாத மென்பொருளைக் கல்லூரி லேபில் ஏற்றாதீர்கள். மொத்த உபகரண மதிப்பில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒவ்வொரு வருடமும் ஒதுக்கச் சொல்லி எழுதுங்கள். நிதியாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

காப்புரிமை (காப்பிரைட்) பற்றி ஒரு பக்கம் தேவை. நம் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை தயாரிப்பாளருக்குத்தான், அதாவது முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவருக்கு. "தயாரிப்பு: இன்ன கல்லூரி" என்று டைட்டிலில் போட்டுவிட்டால் மாணவர் தன் படத்தை விழாவுக்கு அனுப்பவே அனுமதி கேட்க வேண்டிய நிலை வரலாம். உரிமை மாணவர் குழுவுக்கு, கல்லூரிக்குப் பாடத்துக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்தும் அனுமதி மட்டும் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவதும் இதே கணக்குதான். வகுப்பறைப் பயிற்சிக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு அங்கே செல்லாது. இசைக் கருவி வாசிக்கும் மாணவர்கள் வேறு துறைகளில் இருப்பார்கள், அவர்களைப் பிடியுங்கள்.

வேலைவாய்ப்புப் பகுதியில் சென்னை சினிமாவை மட்டும் எழுதாதீர்கள். சினிமாவில் தொழில்நுட்பப் பிரிவுகளில் வேலை செய்ய ஃபெப்சியின் (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) கீழுள்ள அந்தந்தச் சங்கத்தில் சேர வேண்டும், அதற்குப் பணமும் காலமும் ஆகும். சினிமாதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்குத் தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. உங்கள் மாணவரில் பலர் ஊரிலேயே சம்பாதிக்கப் போகிறார்கள்: கல்யாண வீடியோ, கோயில் திருவிழா நேரலை, உள்ளூர் கேபிள் சேனல், ஜவுளிக்கடை விளம்பரம், மருத்துவமனைகளின் விழிப்புணர்வு வீடியோ, பயிற்சி மையங்களின் பாட வீடியோ. முன்மொழிவு எழுதும் முன் ஊருக்குள் ஒரு வாரம் சுற்றி இப்படிப் பதினைந்து இடத்தில் பேசுங்கள். ஆள் தேவையா, என்ன சம்பளம், எந்த வேலைக்கு ஆள் கிடைப்பதே இல்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் நிறத்தைச் சரிசெய்யத் தெரிந்தவரும் ஒலி சரிசெய்யத் தெரிந்தவரும் கிடைப்பதில்லை என்ற பதில் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அந்தப் பதினைந்து பேரின் கடிதங்களை இணைப்பாக வைத்தால் "ஊடகத் துறை வேகமாக வளர்கிறது" என்ற பத்தியே தேவைப்படாது.

மாணவர் எண்ணிக்கையை 60 என்று போடச் சொல்வார்கள். முதல் மூன்று வருடத்துக்கு 30 அல்லது 40 என்று நில்லுங்கள். உபகரணத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வருடம் ஒலி, புகைப்படம், பத்துக் கணினி. இரண்டாம் வருடம் வீடியோ கேமரா, லைட், சேமிப்பகம். மூன்றாம் வருடம் ஸ்டுடியோ. முதல் அணி எந்தப் பருவத்தில் எதைத் தொடும் என்பதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கொள்முதலும் நடக்க வேண்டும். டிரோன் வேண்டும் என்று நிர்வாகத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நாளுக்கு வாடகைக்குக் கிடைக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

கல்விக் குழுவில் உங்களிடம் கேட்கப் போகும் கேள்வி ஒன்று உறுதி: "முதல் வருடம் 12 பேர்தான் சேர்ந்தால் என்ன செய்வீர்கள்?" அதற்குப் பதிலை எழுத்திலேயே கொண்டுபோங்கள். 12 பேரை வைத்து நடத்தினால் என்ன செலவு, கட்டணத்தில் எவ்வளவு வரும், மீதியை ஈடுகட்ட மற்றத் துறை மாணவர்களுக்கு மாலை நேரச் சான்றிதழ்ப் படிப்பாக எடிட்டிங், புகைப்படம் நடத்தினால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு பக்கக் கணக்கு. அந்தச் சான்றிதழ்ப் படிப்பைப் பட்டம் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பே நடத்திப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. எந்த ஆசிரியர் தங்குவார், எந்த அறை சரிப்படும், ஊர்ப் பிள்ளைகள் எதற்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பது அந்த ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். முன்மொழிவின் வரைவு தயாரானதும் ஆசிரியர் பணியிடப் பக்கத்தையும் வார அட்டவணையையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.